ஒன்பது கேமரா, நாற்பது தெரு: வண்டி எண்ண எங்கே வைக்கிறது?

#1 குலவணிகர்புரம்_கேட்

எல்லாருக்கும் வணக்கம். போக்குவரத்துப் பொறியியல் எம்.இ. கடைசி வருஷம். புராஜெக்ட்டுக்காக நம்ம திருநெல்வேலியில வண்டி எண்ணணும். ஜங்ஷன்ல தொடங்கி சுலோச்சன முதலியார் பாலம், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, சமாதானபுரம் வரைக்கும். முடிஞ்சா டவுன் ரத வீதிகளும். துறையில கொடுத்தது மொத்தம் 9 கேமரா. கம்பத்துல கட்டி ஒரு நாள் ஓடவிட்டு, அப்புறம் வீடியோவைப் பார்த்து எண்ணுறது. சந்துகளை எல்லாம் விட்டுட்டு வரைஞ்ச படத்துலயே 40 தெருவுக்கு மேல வருது.

எங்கெங்க வைக்கிறதுன்னுதான் கேள்வி. கூட்டம் அதிகமா உள்ள இடத்துல வைன்னு கைடு சொல்றார். படிச்ச கட்டுரைகள் வேற சொல்லுது. ஒரு முக்குக்குள்ள வந்த வண்டி அந்த முக்கை விட்டு வெளிய போயாகணும், நடுவுல ஆவியாகாது. அதனால ஒரு தெருவைத் தவிர மத்ததை எண்ணிட்டா, விட்ட தெருவைக் கழிச்சுக் கண்டுபிடிச்சிரலாம். இப்படி முக்குக்கு ஒரு தெரு மிச்சம். 20 முக்கு இருந்தா 20 தெருவுக்குக் கேமரா வேண்டாம். இது வரைக்கும் புரியுது. எந்த 20-ஐ விடுறதுன்னுதான் முழிக்கிறேன்.

#2 அல்வா_அரைக்கிலோ

போன்ல மேப்பைத் திறந்தா செவப்பு, மஞ்சள், பச்சைன்னு காட்டுதுல்லா. அதைப் பாத்து எழுதிக் குடுத்துட்டுப் போவியா, கம்பத்துல ஏறிக்கிட்டு…

#3 குலவணிகர்புரம்_கேட்

அண்ணாச்சி, சிவப்புன்னா வண்டி மெதுவா நகருதுன்னு அர்த்தம். எத்தனை வண்டின்னு அது சொல்லாது. எங்க கேட்ல ரயிலுக்காக அடைச்சா 10 வண்டி நின்னாலும் சிவப்பு, 200 நின்னாலும் சிவப்பு. வேகம் வேணும்னா போன் தரவு நல்லாவே உதவும். எண்ணிக்கைக்கு ஆகாது. எல்லார் போனும் தகவல் அனுப்புறதில்லை. ஒரே பஸ்ஸுல 50 போன் இருக்கும், பால்கேன் கட்டின சைக்கிள்ல ஒண்ணும் இருக்காது.

#4 ஓவர்சியர்_ரிட்டயர்டு

தம்பி, நான் ரோட்டுல நின்னு எண்ணுன ஆளு. ஊருக்கு வெளிய உள்ள ரோட்டுக்கு டிராபிக் சென்சஸ்னா 7 நாள் சேந்தாப்புல, 24 மணி நேரமும், வருஷத்துக்கு 2 தடவை. அட்டையில கட்டம் போட்டிருக்கும்: கார், பஸ், லாரி, டிராக்டர், சைக்கிள், மாட்டுவண்டி. நாலு கோடு போட்டு அஞ்சாவதைக் குறுக்க இழுத்தா ஒரு கட்டு. ராத்திரி ஷிப்டுல அரிக்கேன் விளக்கு, ஒரு பெஞ்சு, எதுத்தாப்புல டீக்கடை.

ஒரு தடவை விடியக்காலைல அட்டையை வாங்கிப் பாக்கேன், 2 மணியில இருந்து 4 மணி வரை கால் மணிக்கு ஒரு கட்டு, எட்டு கட்டும் அச்சடிச்சாப்புல ஒரே மாதிரி கெடக்கு. பய தூங்கி எந்திச்சு ஒரே மூச்சுல போட்டிருக்கான். எப்படிக் கண்டுபிடிச்சேம்னா, அடுத்த ஊரு முக்குல நின்ன பையன் அட்டையில அதே நேரத்துல வரிசையா வாழைத்தார் லாரி ஏறியிருக்கு. நடுவுல வேற ரோடே கெடையாது. அங்க போன லாரி இங்க வராம எங்க போச்சு?

அதனால சொல்லுதேன், எல்லாத்தையும் கழிச்சுக் கண்டுபிடிக்கப் போறேம்னு ஒத்தைச் சங்கிலியாக் கோக்காத. ஒண்ணை ஒண்ணு காட்டிக்குடுக்க ஆளு வேணும்.

#5 கணக்கு_டீச்சர்

தம்பி, முக்குக்கு ஒண்ணு மிச்சம்னு சொன்னது சரி. எந்த ஒண்ணை வேணும்னாலும் விடலாம்னு நினைச்சாத்தான் மாட்டுவீங்க. ரத வீதியையே எடுத்துக்குவோம். உண்மையில எப்படி விட்டிருக்காங்கங்கிறது இப்போதைக்கு வேண்டாம். நாலு வீதியும் ஒரு வழி, கோயிலை வலமா வர்ற மாதிரின்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு மூலையிலயும் வெளியில இருந்து உள்ள வர ஒரு தெரு, வெளிய போக ஒரு தெரு. ஆக வீதி 4, வெளித்தெரு 8, மொத்தம் 12. முக்கு 4. கழிச்சா 8 சென்சார் போதும். உடனே என்ன தோணும்? வெளித்தெரு எட்டுலயும் வெச்சிட்டா ஊருக்குள்ள வர்றதும் போறதும் கையில வந்துரும், வீதியைக் கழிச்சுக்கலாம்னு தோணும்.

போட்டுப் பாருங்க. மணிக்கு எத்தனை வண்டின்னு வெச்சுக்குவோம், நானா வெச்ச எண்கள்தான். தென்கிழக்கு மூலையில உள்ள 300, வெளிய 240. தென்மேற்குல 180, 350. வடமேற்குல 220, 160. வடகிழக்குல 400, 350. உள்ள மொத்தம் 1100, வெளிய மொத்தம் 1100. இப்போ கீழ ரத வீதியில எவ்வளவு? 500-ன்னு வெச்சா தெற்கு 560, மேற்கு 390, வடக்கு 450, திரும்ப கிழக்குக்கு 500. பொருந்துது. சரி, 700-ன்னு வெச்சா? 760, 590, 650, மறுபடி 700. இதுவும் பொருந்துது! வெளிய நிக்கிற எட்டுப் பேரும் எழுதினதுல ஒரு புள்ளி மாறலை.

ஆனித் தேரோட்டத்தை நினைச்சுக்குங்க. தேர் நிலையை விட்டுக் கிளம்பி நாலு வீதியும் சுத்தி நிலைக்கே வந்து சேந்துரும். ஊர் எல்லையில அட்டையோட நிக்கிறவனுக்குத் தேர் நகர்ந்ததே தெரியாது. சவாரி கிடைக்காம வீதியையே சுத்துற ஆட்டோவும் அப்படித்தான்.

அதே 8 சென்சார்ல ஒண்ணை வெளித்தெருவுல இருந்து கழட்டி, ஏதாவது ஒரு வீதியில மாட்டுங்க. எல்லாம் தெரிஞ்சுரும். வெளிய எட்டுல ஒண்ணு எப்படியும் உபரிதான். உள்ள மொத்தமும் வெளிய மொத்தமும் சமம்னா ஏழைத் தெரிஞ்சவனுக்கு எட்டாவது தெரியாதா?

பொதுவா இப்படிப் பாருங்க. வெளிய போற தெரு எல்லாம் 'வெளியூர்'ங்கிற ஒரே புள்ளியில போய்ச் சேர்றதா வெச்சுக்கிட்டு, எண்ணாம விட்ட தெருக்களை மட்டும் பென்சில்ல வரைங்க. எங்கயாவது வளையம் விழுந்தா அதுக்குள்ள சுத்துறது தெரியாது. வளையமே இல்லாம மரக்கிளை மாதிரி நின்னா நுனியில இருந்து ஒவ்வொண்ணா அவிழ்த்துட்டே வரலாம்.

#6 குலவணிகர்புரம்_கேட்

டீச்சர், கட்டுரையில மேட்ரிக்ஸ், ரேங்க்னு பத்துப் பக்கம் இருந்தது. தேர் ஒரே சுத்துல முடிச்சிட்டுது. அப்போ ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலமும் வளையமா? மேல் தட்டு, கீழ்த் தட்டு ரெண்டும் அதே ரெண்டு பக்கத்தைத்தானே சேர்க்குது.

#7 கணக்கு_டீச்சர்

ஆமா, அதுதான் ஆகச் சின்ன வளையம். ரெண்டு தட்டையும் விட்டீங்கன்னா, மேல 100 கூட்டி கீழ 100 குறைச்சாலும் ரெண்டு முனையிலயும் கணக்கு நேராகும். ஒரு தட்டையாவது எண்ணணும்.

#8 தாமிரபரணி_தண்ணி

1973-ல திறந்த பாலம். ரயில்வே லைனுக்கு மேல ரெண்டு தட்டுல பாலம் எத்தனை ஊர்ல இருக்கு? அதை 'ஆகச் சின்ன வளையம்'னு சொல்லிட்டீங்களே டீச்சர் 🙂

#9 ஓவர்சியர்_ரிட்டயர்டு

டீச்சர், ஒரு சந்தேகம். நீங்க சொன்னது எல்லாம் ஒரு வழித் தெரு. பாளையில எத்தனை தெரு ஒரு வழி? போற வண்டி ஒரு கணக்கு, வாற வண்டி ஒரு கணக்குல்லா. ஒரு தெருவை எண்ணாம விட்டா ரெண்டையும்லா விடுதோம்.

#10 கணக்கு_டீச்சர்

சார், நேத்து ராத்திரி உங்க கேள்வியைப் பார்த்துட்டு நோட்டை எடுத்து உக்காந்தேன். நீங்க கையை வெச்சது சரியான இடம். இருவழித் தெருன்னா போறது ஒரு கோடு, வர்றது ஒரு கோடு. ரெண்டும் அதே ரெண்டு முக்கைச் சேர்க்குது. அப்போ தெருவே தன்னளவுல ஒரு வளையம். ரெண்டு திசையையும் விட்டா, போறதுல 50 கூட்டி வர்றதுல 50 கூட்டினாலும் முக்குல இடிக்காது. எந்தப் பக்கம் எவ்வளவு அதிகம்ங்கிற வித்தியாசம்தான் கிடைக்கும், ரெண்டும் தனித்தனியா எவ்வளவுன்னு கிடைக்காது.

ஆக ஒவ்வொரு இருவழித் தெருவுலயும் ஒரு திசையையாவது எண்ணியே ஆகணும். தம்பியோட கேமரா ரெண்டு திசையையும் ஒண்ணாப் பார்க்கும். அப்படின்னா தெருவுக்கு ஒரு கேமரா. வெறும் கழித்தல் கணக்கை நம்பினா ஒரு கேமராகூட மிச்சமாகாது. நான் #5-ல எழுதினது தப்பில்லை, ஆனா பாளையங்கோட்டைக்கு அதை அப்படியே கொண்டு வர முடியாது.

#11 அல்வா_அரைக்கிலோ

நான் அப்பவே சொன்னேம்லா, மேப்பைப் பாத்து எழுதுன்னு.

#12 குலவணிகர்புரம்_கேட்

40 தெருவுக்கு 9 கேமரா. புராஜெக்ட் காலி. ஒவ்வொரு முக்குலயும் எத்தனை சதவீதம் நேரே, எத்தனை வலது, எத்தனை இடதுன்னு தெரிஞ்சா குறைவாப் போதும்னு ஒரு வகைக் கட்டுரை இருக்கு. ஆனா அந்தச் சதவீதத்தை முதல்ல எண்ணணுமே.

#13 ஓவர்சியர்_ரிட்டயர்டு

திரும்புதது எண்ணுறதுல ஒரு சூட்சுமம் சொல்லுதேன். மூணு ரோடு சேருற முக்குல, வந்த வழியே திரும்புத வண்டியை விட்டுட்டா, 6 விதமாப் போவான். மூணு ரோட்டுலயும் வாறது போறது எண்ணி வெச்சிருந்தீம்னா, அந்த ஆறுல ஒரே ஒரு திருப்பத்தை எண்ணுனாப் போதும், மத்த அஞ்சும் தன்னால வந்துரும். நாலு ரோடு முக்குன்னா 12 விதம், அஞ்சு எண்ணணும். எங்களுக்கு இதை யாரும் மேட்ரிக்ஸ் போட்டுச் சொல்லித் தரலை. ஆளு பத்தாத அன்னைக்கு நாங்களாக் கண்டுபிடிச்சது. டீச்சர் சரி பாருங்க.

#14 கணக்கு_டீச்சர்

பார்த்துட்டேன் சார். 6-ல 5 போக 1, 12-ல 7 போக 5. ரொம்பச் சரி. உங்களுக்கு ஆள் பத்தாமப் போனது நல்லதுக்குத்தான்.

#15 ஓவர்சியர்_ரிட்டயர்டு

தம்பி காலின்னு உக்காராத. எல்லாத் தெருவும் தெரியணும்னு உன்னை யாரு கேட்டா? என்ன தெரியணும்னு மொதல்ல முடிவு பண்ணு. பாளைக்கும் ஜங்ஷன், டவுனுக்கும் நடுவுல நாள் பூரா எத்தனை வண்டி போக வர இருக்கு? இதுதான் கேள்வின்னா நான் இப்பமே இடம் சொல்லுதேன். ஆத்தைப் பிடி.

தாமிரபரணியைத் தாண்டாம இந்தப் பக்கத்துக்காரன் அந்தப் பக்கம் போவ முடியாது. சுலோச்சன முதலியார் பாலம், பழசும் பக்கத்துல கட்டுன புதுசும். வண்ணார்பேட்டையில இருந்து தச்சநல்லூர் போற வடக்கு பைபாஸ் பாலம். மேலப்பாளையத்துல இருந்து டவுனுக்கு வார கருப்பந்துறைப் பாலம். கெழக்க நாலு வழிச்சாலைப் பாலம். மேக்க சேரன்மகாதேவி வரைக்கும் போனா இன்னும் உண்டு, அதுல ஊருக்குள்ள வாரவன் சுத்திக்கிட்டு வாரவந்தான், விடு. அஞ்சு எடத்துல நின்னா ஒருத்தன் தப்ப முடியாது. இதைத்தான் நாங்க ஸ்கிரீன் லைன்னு சொல்லுவோம். ஊரைக் கோடு போட்டு ரெண்டாக் கிழிச்சு, கோட்டைத் தாண்டுதவனை மட்டும் எண்ணுறது. மத்த ஊர்ல கோட்டை எங்க போடுறதுன்னு மண்டையை உடைப்பான். நமக்கு ஆறு போட்டே குடுத்துட்டு.

#16 தாமிரபரணி_தண்ணி

அதுக்குத்தான் 1843-லயே பாலம் கட்டி வெச்சாரு முதலியார், அதுவும் சொந்தக் காசுல. அதுக்கு முந்தி ஸ்கிரீன் லைனை எண்ணணும்னா படகுத்துறையிலதான் உக்காரணும்.

#17 குலவணிகர்புரம்_கேட்

சார், கால்ல விழுறேன். இன்னொண்ணும் கேட்டுக்கிறேன். கைடு சொன்ன 'கூட்டம் அதிகமான இடம்' விதிப்படி பார்த்தா சுலோச்சன முதலியார் பாலம் முதல் இடம், வண்ணார்பேட்டை மேம்பாலம் ரெண்டாவது. ரெண்டுலயும் வைக்கலாமா?

#18 கணக்கு_டீச்சர்

வைக்கலாம், காசு நிறைய இருந்தா. பாலத்துல கொக்கிரகுளம் பக்கம் இறங்குற வண்டியில பெரும்பகுதி அப்படியே வண்ணார்பேட்டைக்குத்தானே போகுது. முதல் கேமரா பார்த்த முகத்தையே ரெண்டாவதும் பார்க்கும். முதல்ல அதிகம் பிடிக்கிற இடத்துல வைங்க. அடுத்து, முதல் கேமரா *பிடிக்காத* வண்டியில அதிகம் பிடிக்கிற இடம். மூணாவது, இது ரெண்டும் பிடிக்காததுல. பார்க்க அவசரக்குடுக்கை வழி மாதிரி இருக்கும். ஆனா ஆகச் சிறந்த ஏற்பாடு பிடிக்கிறதுல 63 சதவீதத்துக்குக் குறையாம இது பிடிக்கும்னு 1978-லயே நெம்ஹவுசர், வுல்சி, ஃபிஷர்னு மூணு பேர் நிரூபிச்சிருக்காங்க. அது உத்தரவாதமான அடிமட்டம். நடைமுறையில பெரும்பாலும் அதைவிட நல்லாவே வரும்.

ஆனா எந்த வண்டி எங்க இருந்து எங்க போகுதுன்னு தோராயமாவாவது தெரிஞ்சாத்தான் இது நடக்கும். அதுக்கு உள்ளூர்க்காரர் மண்டையே போதும்னு நினைக்கிறேன்.

#19 ரதவீதி_கடைக்காரி

நான் கணக்குப் படிச்சவ இல்லை, ஜவுளிக் கடை வெச்சிருக்கவ. 'முக்குக்கு முக்கு வண்டி ஆவியாகாது'ன்னு தம்பி எழுதினதைப் பார்த்துச் சிரிச்சுட்டேன். எங்க வீதிக்கு வாங்க. காலையில 9 மணிக்குக் கடைக்காரங்க வண்டி 30, 40 உள்ள வரும். கடை வாசல்லயே நிக்கும். ராத்திரி 10 மணிக்கு மேலதான் வெளிய போகும். ஒரு மணி நேரம் எண்ணிட்டு உள்ள இவ்வளவு, வெளிய இவ்வளவுன்னு கழிச்சா அந்த 40 வண்டியையும் எந்தத் தெருவுல ஏத்துவீங்க? இது போக ஒவ்வொரு கடைக்குப் பின்னாலயும் ஒரு சந்து. ஸ்கூட்டர்க்காரன் முன்னால வந்து பின்னால போயிருவான். தீபாவளி சமயம்னா கேக்கவே வேண்டாம், வண்டி நிறுத்த இடம் தேடியே மூணு சுத்து சுத்துவாவ. டீச்சர் சொன்ன தேர் அவியதான்.

#20 கணக்கு_டீச்சர்

அக்கா, நீங்க சொன்னதைச் சமன்பாட்டுல எழுதலாம்: உள்ள வந்தது = வெளிய போனது + நின்னது. அந்த நின்னதை யார் எண்ணுறதுங்கிறதுதான் பிரச்சினை. ராத்திரி 12-ல இருந்து மறு ராத்திரி 12 வரை எண்ணினா நின்னது கிட்டத்தட்டப் பூஜ்யமாகும். மணிக்கணக்குல வேணும்னா கடைவீதியைக் கழித்தல் கணக்குல சேர்க்கவே கூடாது, நேரா எண்ணிரணும். வாகனம் நிறுத்தாத பாலம், மேம்பாலம் மாதிரி இடத்துலதான் கழித்தல் சுத்தமா வரும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிடறேன், புராஜெக்ட் பண்றவங்க நிறையப் பேர் இதுல வழுக்குவாங்க. ஒவ்வொரு எண்ணிக்கையிலயும் 5 சதவீதம் பிசகு வரும்னு வைங்க. #5-ல உள்ள கணக்கையே எடுத்து, கீழ ரத வீதியில ஒண்ணு, வெளித்தெருவுல ஏழுன்னு வெச்சா, வடக்கு வீதியோட 450 எப்படி வருது? 500 + 300 − 240 + 180 − 350 + 220 − 160. ஏழு எண்ணோட பிசகும் அதுல வந்து சேருது. வர்க்கம் பண்ணிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தா சுமார் 40. 450-க்கு 40, அதாவது 9 சதவீதம். சரி, சங்கிலி நீளம்தான் காரணம்னு வீதி நாலையும் நேரா எண்ணி, மூலைக்கு ஒரு வெளித்தெருவை மட்டும் விட்டுப் பாருங்க. தென்கிழக்கு மூலையில வெளிய போறது 500 + 300 − 560 = 240. மூணே எண்தான். ஆனா பிசகு இப்பவும் சுமார் 40! 240-க்கு 40-ன்னா 17 சதவீதம். பெருசுல இருந்து பெருசைக் கழிச்சுச் சிறுசைத் தேடினா இப்படித்தான் ஆகும். வாழைத்தார் லாரியை கிளீனரோட ஒரு தடவை, கிளீனர் இல்லாம ஒரு தடவை எடை மேடையில ஏத்தி, கிளீனர் எடையைக் கண்டுபிடிக்கிற மாதிரி.

#21 ஓவர்சியர்_ரிட்டயர்டு

கிளீனர் எடை மைனஸ்ல வந்தாலும் வரும்.

#22 லூப்_வயர்மேன்

கேமரா கேமரான்னே பேசுறீங்க. ரோட்டுக்குள்ள லூப் போடுறதைப் பத்தியும் சொல்றேன். சிக்னல் மெயின்டனன்ஸ்ல 11 வருஷம், பல ஊர்ல வேலை பார்த்தாச்சு. லூப்னா பெருசா ஒண்ணும் இல்லை. கட்டர் வெச்சு ரோட்டுல சதுரமா ஒரு காடி அறுக்கணும். அதுக்குள்ள வயரை மூணு நாலு சுத்து விட்டு மேல பூச்சு அடைக்கணும். வயர் ரெண்டு முனையும் ஓரத்துப் பெட்டிக்கு வரும். மேல இரும்பு வந்து நின்னா சுருளோட இண்டக்டன்ஸ் குறையும், பெட்டி அதைப் பிடிச்சு ஒரு வண்டின்னு எழுதும்.

பஸ், கார் நல்லாப் பிடிக்கும். பைக்? நடுவுல போனா பாதி நேரம் தெரியாது. வயருக்கு நேர் மேல போனாத்தான் உண்டு. நம்ம ஊர்ல பாதிக்கு மேல பைக்தான், அதுவும் லேன்ல எவன் போறான்? ரெண்டு லூப்புக்கு நடுவுல போவான், ஓரத்து மண்ணுல போவான். வெளிநாட்டுக் கட்டுரையில 'ஒரு தெருவுக்கு ஒரு சென்சார்'னு ஈஸியா எழுதியிருப்பான். இங்க ஒரு தெருவுக்கு எத்தனை லூப்னு கேளுங்க.

அதைவிட வயித்தெரிச்சல் ஒண்ணு. ஒரு ஊர்ல ராத்திரி முழுக்க நின்னு ஆறு லூப் போட்டோம். மூணு மாசம் கழிச்சு ரோடு போட வந்தவங்க பழைய ரோட்டைச் சுரண்டுற மிஷினை விட்டாங்க. போன் பண்ணிக் கேட்டா, "வயரா? ஏதோ கருப்பா சிக்கிச்சு, எடுத்துப் போட்டோம்"ங்கிறாங்க. அதுல ஆறு லூப்பும் போச்சு. எங்க வைக்கிறதுன்னு வரைபடத்தைப் பார்க்குறதுக்கு முந்தி அந்த ரோடு எப்போ சுரண்டப் போறாங்கன்னு கேட்டுக்குங்க.

#23 தாமிரபரணி_தண்ணி

பெட்டியை எந்த உயரத்துல வைக்கணும்னும் சேர்த்துக்குங்க. 2023 டிசம்பர் 17, 18-ல கொக்கிரகுளம், ஜங்ஷன் பக்கம் தண்ணி எங்க வரைக்கும் வந்ததுன்னு சுவர்ல கறை பார்த்தவங்களுக்குத் தெரியும். ஸ்கிரீன் லைன் ஸ்கிரீன் லைன்னு பாலத்தடியில பெட்டியை வெச்சீங்கன்னா, எந்தப் பாலத்துல வண்டி போகுதுன்னு ரொம்ப அவசியமாத் தெரிய வேண்டிய அன்னைக்குத்தான் அது தண்ணிக்குள்ள கிடக்கும்.

#24 குலவணிகர்புரம்_கேட்

நல்லவேளை என்கிட்ட கேமராதான். ஆனா வயர்மேன் அண்ணன் சொன்னதுல இன்னொரு சந்தேகம். எல்லா வண்டியையும் கார் அளவா மாத்தி, பிசியு கணக்குல போட்டுக் கழிக்கலாம்னு இருந்தேன். அது சரியா?

#25 ஓவர்சியர்_ரிட்டயர்டு

வேண்டாம். டவுன் ரோட்டுக்கு ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) 106-ன்னு 1990-ல ஒரு புஸ்தகம் போட்டாவ. அதுல பைக் 0.5, அதே பைக் ரோட்டுல 10 சதவீதத்துக்கு மேல இருந்தா 0.75. ஆட்டோ 1.2, அதே மாதிரி கூடுனா 2.0. பஸ், லாரி 2.2, கூடுனா 3.7. அந்தந்த ரோட்டுல எது எவ்வளவு கலந்திருக்குங்கதைப் பொறுத்து எண் மாறும். பஸ் அதிகமா ஓடுத ரோட்டுல இருந்து பஸ் கம்மியான ரோட்டுக்குத் திரும்புன உடனே அதே பஸ் 3.7-ல இருந்து 2.2 ஆயிரும். முக்குல 1.5 காரு காணாமப் போச்சு. எவன் எடுத்தான்னு தேடுவியா? வண்டியை வண்டியாக் கழி. பஸ்ஸுக்கு பஸ், பைக்குக்கு பைக். எல்லாம் முடிஞ்ச பெறவு கடைசியில மாத்திக்க.

#26 கணக்கு_டீச்சர்

சார், இதை நான் யோசிச்சதே இல்லை. வகைவாரியாக் கழிச்சா இன்னொரு லாபமும் உண்டு. பஸ் எங்க போகும்னு ரூட் தெரியும். பஸ் கணக்கு மட்டும் இடிச்சா கேமராவுல கோளாறுன்னு உடனே பிடிச்சிரலாம்.

#27 குலவணிகர்புரம்_கேட்

முடிவு பண்ணிட்டேன். திட்டினாலும் பரவாயில்லை.

ஆத்துல 5: பழைய பாலம், புதுப் பாலம், வடக்கு பைபாஸ், கருப்பந்துறை, நாலு வழிச்சாலை. ஈரடுக்கு மேம்பாலத்துல 2, தட்டுக்கு ஒண்ணு. ஒரு தட்டு போதும்னு டீச்சர் சொன்னாங்க, ஆனா அங்க கழிச்சு எடுக்க மத்த தெருக்கள்ல ஆள் இல்லை. மிச்சம் 2. ரத வீதியை இந்தத் தடவை விட்டுட்டேன், அக்கா மன்னிக்கணும், அதுக்கு 9-ம் பத்தாது. அந்த ரெண்டையும் ஓவர்சியர் சார் சொன்ன 'காட்டிக்குடுக்கிற ஆள்' வேலைக்கு வெச்சிருக்கேன். வண்ணார்பேட்டையில இருந்து பாளை வரைக்கும் உள்ள மூணு ரோடு முக்கு ஒண்ணுல கட்டி, மூணு கையையும் முழுசா எண்ணப் போறேன். உள்ள வந்ததும் வெளிய போனதும் எவ்வளவு பொருந்துதுன்னு பார்த்தா, கேமராவுல எண்ணுறதே எவ்வளவு நம்பகம்னு தெரியும்ல.

கைடு இன்னும் முகத்தைச் சுளிக்கிறார். "வண்ணார்பேட்டை மேம்பாலத்துல ஒண்ணுகூட இல்லையா?"ன்னு நாலு தடவை கேட்டுட்டார்.

#28 ரதவீதி_கடைக்காரி

மன்னிச்சாச்சு. எங்க வீதியை எண்ண வர்றப்போ சொல்லுங்க, கடை மாடியில இடம் தாரேன். மோர் உண்டு.

#29 லூப்_வயர்மேன்

கேமராவைப் பாலத்துக்கு நேர் எதிர்ல, தாழ வைக்காதீங்க. பஸ் ஒண்ணு வந்து நின்னா அதுக்குப் பின்னாடி போற பத்து பைக்கும் தெரியாது. உயரமா, சரிவா, பக்கவாட்டுல. சாயங்கால வெயில் லென்ஸுல நேரா விழுதான்னும் ஒரு தடவை போய் நின்னு பாருங்க.

#30 குலவணிகர்புரம்_கேட்

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். ஒரு புதன்கிழமை காலை 6-ல இருந்து ராத்திரி 10 வரை ஓட்டியாச்சு. எட்டு கேமரா தப்பிச்சது. ஒண்ணுல மட்டும் 11 மணியில இருந்து ஒரு கல்யாண பிளெக்ஸோட ஓரம்தான் தெரியுது, மாப்பிள்ளை தோள் வரைக்கும். அந்தப் பாலத்துக்கு மறுபடி ஓட்டணும்.

கேக்கணும்னு நினைச்சது வேற. சோதனைக்கு வெச்ச மூணு ரோடு முக்குல கணக்கு உதைக்குது. பஸ் ஒண்ணுகூடப் பிசகாம வருது. காரும் அப்படித்தான். பைக் மட்டும் உள்ள வந்ததைவிட வெளிய போனது கம்மி. ஒண்ணு ரெண்டு இல்லை, நூத்துச் சொச்சம். எண்ணினதுல தப்பான்னு நானும் ரூம்மேட்டும் தனித்தனியா ரெண்டாவது தடவை எண்ணிட்டோம். அதேதான் வருது. அதுவும் காலை 8-ல இருந்து 9.30-க்குள்ளதான் பெரும்பகுதி காணாமப் போகுது. சாயங்காலம் தலைகீழா, வெளிய போறதுதான் அதிகம்.

நேத்து காலையில நேர்ல போய் நின்னேன். கேமரா கட்டின கம்பத்துக்கும் முக்குக்கும் நடுவுல ஒரு டீக்கடை. அதை ஒட்டி, ஆள் அகலத்துக்குக் கொஞ்சம் கூட, ஒரு சந்து. மேப்புல இல்லை, என் படத்துலயும் இல்லை. பைக் ஒவ்வொண்ணா உள்ள நுழையுது. பின்னால போய்ப் பார்த்தா ஒரு பள்ளிக்கூடத்தோட பின்வாசல். பிள்ளையை இறக்கி விட்டுட்டு அப்படியே அந்தப் பக்கத் தெரு வழியா போயிடறாங்க.

#31 ஓவர்சியர்_ரிட்டயர்டு

அது எந்தச் சந்துன்னு எனக்கு இப்பம் தெரிஞ்சு போச்சு. அந்தச் சந்து நான் சர்வீஸ்ல சேருததுக்கு முந்தியே இருக்குவே. நாங்க எண்ணுனப்போ அங்க ஒரு பையனை ஸ்டூல் போட்டு உக்கார வெச்சோம். அந்த டீக்கடையிலதான் எங்களுக்கு டீ.

#32 கணக்கு_டீச்சர்

தம்பி, சோதனைக்குன்னு ரெண்டு வைக்காம அந்தக் கேமராவையும் வேற தெருவுல வெச்சிருந்தா, அந்த நூத்துச் சொச்சம் பைக்கும் ஏதோ ஒரு தெருவோட கணக்குல சத்தமில்லாம ஏறியிருக்கும். படத்துல சந்தைச் சேர்த்துட்டு, பழைய வீடியோவுலயே அந்தச் சந்து வாசல் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா மறுபடி எண்ண வேண்டாம்.

#33 குலவணிகர்புரம்_கேட்

ஓரத்துல பாதி தெரியுது டீச்சர். டீக்கடைக்காரர் குடை மறைக்குது. அவர்கிட்ட பேசியாச்சு, அடுத்த தடவை குடையை ஒரு அடி தள்ளி நடுறேன்னு சொல்லிட்டார். பிளெக்ஸ் மறைச்ச பாலத்தை வர்ற செவ்வாய்க்கிழமை ஓட்டலாம்னு இருக்கேன். மத்த கேமரா எல்லாத்தையும் கழட்டித் துறையில கொடுத்திடவா?

#34 ஓவர்சியர்_ரிட்டயர்டு

செவ்வாக்கிழமையா? மேலப்பாளையம் சந்தைடா அன்னைக்கு. ஆடு மாடு ஏத்துன வண்டி வெள்ளனவே வர ஆரம்பிச்சிரும். நீ மத்த பாலத்துக்கு வெச்சிருக்கது புதங்கெழமைக் கணக்கு. ஒண்ணு இன்னொரு புதங்கெழமை வரைக்கும் பொறு. இல்லை, செவ்வாதான்னா, ஆத்துல உள்ள அஞ்சையும் ஒண்ணா ஓட்டு. கருப்பந்துறைப் பாலத்துக் கேமராவை மட்டும் கழட்டிராத, நான் விடியக்காலை 5 மணிக்கு ஸ்டூலோட அங்க வாரேன். சரி பாக்க ஒரு ஆளு வேணும்லா.